பிரசவ அறையில் உடனிருப்பவர் எத்தனை பேர்?

மகப்பேற்றுப் பிரிவின் வெளிவாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் மருந்தைப் பற்றியவை குறைவு. “உள்ளே யார் இருக்கிறார்கள்?”, “கூடவே ஒரு சிஸ்டர் இருப்பாரா?”, “அரை மணி நேரமாக யாரும் வந்து பார்க்கவில்லை என்று பெண் சொல்கிறாளே, ஏன்?” என்பவையே மிகுதி. இவற்றைக் குறை கூறுதலாகக் கொண்டு சலித்துக்கொள்ளும் பழக்கம் மருத்துவமனைகளில் உண்டு. ஆனால் மருத்துவ நோக்கில் இவைதாம் சரியான கேள்விகள். ஒரு பிரசவத்தின் பாதுகாப்பு, அறையிலுள்ள கருவிகளைக் காட்டிலும், அங்கே பயிற்சி பெற்ற கைகள் எத்தனை உள்ளன, அவை எத்தனை தாய்மாரிடையே பங்கிடப்படுகின்றன என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவப் பணியில் அந்த எண்ணிக்கை எவ்வாறு வளர்ந்தது, எங்கே தேங்கி நிற்கிறது என்பதை இங்கு பிரசவத்துக்கு வரும் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று கூற வேண்டும். ‘மிட்வைஃப்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் ‘பெண்ணோடு உடனிருப்பவர்’ என்பதாகும். தமிழில் ‘மருத்துவச்சி’ என்ற அழகான சொல் நெடுங்காலமாக இருந்தும், அது ஊர்ப்புறத்தில் பயிற்சியின்றிப் பிரசவம் பார்த்த முதிய பெண்களையே குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. இன்று நம் மருத்துவமனைகளில் பிரசவம் பார்ப்பவரை ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்கிறோம்; கிராமத்தில் ‘கிராம சுகாதார செவிலியர்’ என்கிறோம். மகப்பேற்றுக்கென்றே தனியாக ஒரு தொழிலினர் இருக்கிறார்கள் என்ற எண்ணமே நம் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. பெயர் மறைந்தால் பணியிடத்தைக் கணக்கிடுவதும் கடினமாகிவிடும் என்பது என் கருத்து. பொதுப் பிரிவில் ஊசி போடும் செவிலியரும் பிரசவ அறைச் செவிலியரும் பதிவேட்டில் ஒரே தலைப்பின்கீழ் வருகிறார்கள். ஆகவே பிரசவ அறைக்கென எத்தனை பேர் என்று கேட்டால் பல இடங்களில் உடனடியாக விடை கிடைப்பதில்லை.

இந்தியாவில் இத்தொழிலின் முறையான தொடக்கம் நம் சென்னையில்தான் அமைந்தது. 1844ஆம் ஆண்டு மகப்பேற்றுக்கெனத் தொடங்கப்பட்ட மருத்துவமனையே, பின்னர் எழும்பூரில் தாய்சேய் நல மருத்துவமனையாக வளர்ந்தது. 1854இல் இந்நகரில் பேறுகாலப் பணிக்கான பயிற்சி தொடங்கியது. 1926இல் சென்னை மாகாணத்தின் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றவர்களைப் பதிவு செய்யும் வழக்கம் அதன் மூலம் உறுதிப்பட்டது. ஆயினும் எண்ணிக்கை மிகச் சிறியதாகவே இருந்தது. விடுதலைக்கு முந்தைய ஆண்டில், அதாவது 1946இல், சர் ஜோசப் போர் தலைமையிலான குழு தனது அறிக்கையை அளித்தது. அன்றைய இந்தியா முழுமைக்கும் பயிற்சி பெற்ற பேறுகாலப் பணியாளர்கள் ஏறத்தாழ 5,000 பேரே என்று அக்குழு கணக்கிட்டது. அதாவது, 60,000 மக்களுக்கு ஒருவர். கால் நூற்றாண்டுக்குள் அதை ஒரு லட்சமாக, 4,000 பேருக்கு ஒருவராக உயர்த்த வேண்டும் என்பது அதன் பரிந்துரை. இன்று படிக்கும்போதும் அவ்வறிக்கையின் தெளிவு வியப்பளிக்கிறது. மருத்துவரைக் குறித்துப் பேசிய அளவுக்கு, தாயின் அருகே நிற்கும் பெண்ணைக் குறித்தும் அது பேசியது.

விடுதலைக்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அவற்றின்கீழ் துணை சுகாதார நிலையங்களும் தோன்றின. துணைச் செவிலியருக்கான இரண்டாண்டுப் பயிற்சி 1950களில் பரவியது. அவர்களின் முதன்மைப் பணி பிரசவம் பார்ப்பதே. ஊருக்குள் வாடகை வீட்டிலோ சிறிய அரசுக் கட்டடத்திலோ தங்கி, நள்ளிரவில் அழைத்தாலும் அரிக்கேன் விளக்குடன் சென்று, வீட்டிலேயே பிரசவம் பார்த்த தலைமுறை அது. உங்கள் வீட்டு முதியோரில் பலர் அப்படிப் பிறந்தவர்களாக இருப்பார்கள்.

பிறகு ஒரு திருப்பம் நேர்ந்தது. 1973இல் கர்த்தார் சிங் குழு, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிப் பணியாளர் இருப்பதை மாற்றி, எல்லாப் பணிகளையும் செய்யும் ‘பல்நோக்குப் பணியாளர்’ முறையைப் பரிந்துரைத்தது. துணைச் செவிலியரும் அதில் அடங்கினார். பயிற்சிக் காலம் 18 மாதமாகக் குறைந்தது. அதற்குள் மகப்பேற்றுப் பயிற்சிக்கான பங்கும் குறைந்தது. குடும்பக் கட்டுப்பாடு, 1985 முதல் விரிவான தடுப்பூசித் திட்டம், காசநோய், மலேரியா, கணக்கெடுப்பு எனப் பணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அளவுகோல். தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையங்களின் எண்ணிக்கை 8,700ஐ ஒட்டி உயர்ந்தது. போர் குழு கண்ட கனவின் விகிதத்தைத் தாளில் ஏறத்தாழ எட்டிவிட்டோம். ஆனால் அந்தப் பணியிடத்தில் அமர்ந்திருப்பவர் பேறுகாலப் பணியாளராக இருக்கும் நேரம் ஆண்டுதோறும் குறைந்தது. இப்போது ஒரு கிராம சுகாதார செவிலியரின் நாளில் பெரும்பகுதி, கர்ப்பிணியின் விவரங்களைக் கணினியில் ஏற்றுவதிலும் பதிவேடுகளை நிரப்புவதிலும் கழிகிறது. உங்களுக்குக் கிடைத்த ‘பிக்மி எண்’ அவ்வுழைப்பின் விளைவே. அது பயனற்ற வேலை என்று நான் கூறவில்லை; எந்தத் தாய் எந்த மாதத்தில் எங்கே இருக்கிறார் என்று தெரிவதால் காக்கப்பட்ட உயிர்கள் பல. ஆயினும் எண்ணைப் பதிவதற்கு ஒருவரும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒருவருமாக இருவர் வேண்டிய இடத்தில் ஒருவரையே வைத்திருக்கிறோம்.

வீட்டுப் பிரசவம் மருத்துவமனைக்கு நகர்ந்ததே தமிழ்நாட்டின் பெருஞ்சாதனை. 1998–99இல் எடுக்கப்பட்ட இரண்டாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மாநிலத்தின் பிரசவங்களில் ஏறத்தாழ 79 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2005–06இல் அது ஏறத்தாழ 88 விழுக்காடு, 2019–21இல் 99.6 விழுக்காடு. இதற்குத் துணைநின்ற முடிவுகளில் மிக முக்கியமானது, அதிகம் பேசப்படாத ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஷிப்டுக்கு ஒருவராக மூன்று செவிலியரை அமர்த்தி, அவற்றை 24 மணி நேரமும் திறந்து வைத்ததே அது. 1990களின் இறுதியில் சிறிய அளவில் தொடங்கி, 2000களில் மாநிலமெங்கும் பரவிய ஏற்பாடு. நள்ளிரவில் சென்றாலும் கதவு திறந்திருக்கும், உள்ளே ஒருவர் விழித்திருப்பார் என்ற நம்பிக்கை பிறந்தபின் மக்கள் தாமாகவே வந்தார்கள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸும், சீமாங்க் மையங்களும் அதற்கு வலிமை சேர்த்தன. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இத்தனை தாய்மார் இறப்பு என்று கணக்கிடப்படும் விகிதம், மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2001–03இல் 134 ஆக இருந்தது. 2018–20இல் 54 ஆகக் குறைந்தது.

இலங்கையிலும் இதையொத்த வரலாறு உண்டு. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு அமைந்தது. அதிலிருந்து வளர்ந்த முறையில், ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைக் கவனிக்கிறார். 1940களில் அங்கே தாய்மார் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு மேல் இருந்தது. பணக்கார நாடாகும்வரை காத்திராமல், சில பத்தாண்டுகளிலேயே அதை நூறுக்குக் கீழே இறக்கினார்கள். உலகெங்கும் மகப்பேற்றியல் மாணவர்கள் படிக்கும் எடுத்துக்காட்டு அது.

ஆனால், மூன்று செவிலியர் என்ற அந்த எண்ணை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். நான் மேலாண்மை படித்தவனல்லன். இது பள்ளிக் கணக்குதான். ஒரு நாற்காலியில் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டுமெனில், எட்டு மணி நேர ஷிப்டாக நாளுக்கு மூன்று, ஆண்டுக்கு 1,095 ஷிப்டுகள் தேவை. ஒரு செவிலியர் 365 நாளும் வேலை செய்ய இயலாது. வார ஓய்வு 52 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள், ஈட்டிய விடுப்பு 30 நாள் ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது 271 நாள். 1,095ஐ 271ஆல் வகுத்தால் நான்குக்குச் சற்று மேல். பண்டிகை விடுமுறை, பயிற்சி வகுப்பு, காய்ச்சல், கூட்டம் ஆகியவற்றைச் சேர்த்தால் ஐந்தை நெருங்கும். ஆக, ஒரே ஒருவர் எப்போதும் இருக்க வேண்டுமென்றாலே நால்வர் போதாது. மூவரை மட்டும் அமர்த்தினால், யாரோ ஒருவர் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்ப்பார், அல்லது சில இரவுகளில் நாற்காலி காலியாக இருக்கும். செவிலியர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்; அவர்களும் தாயாவார்கள். அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு வழங்கப்படுகிறது. மிக நியாயமான உரிமை. ஆனால் அந்த ஓராண்டுக்கு மாற்றாள் வேண்டும் என்பதைப் பணியிட ஒப்புதலுடன் சேர்த்தே எழுதாவிட்டால், விடுப்பின் சுமை உடன்பணிபுரிவோரின் தோளிலும் அங்கே பிரசவத்துக்கு வந்த தாயின்மீதும் விழுகிறது.

இனி, ஒரு தாய்க்கு எவ்வளவு நேரம் தேவை என்று பார்ப்போம். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்து, வலி முறையாக வரத் தொடங்கிய பிறகு, குழந்தையின் இதயத் துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முழுதாக ஒரு நிமிடம் கேட்க வேண்டும். வலி வந்து தணியும் நேரத்தில் கேட்பதுதான் பயன் தரும். வலியற்ற இடைவெளியில் அவசரமாக டாப்ளரை வைத்து எடுத்துவிட்டால், குழந்தை திணறுவது தெரியாமல் போகலாம். அரை மணிக்கு ஒருமுறை, வயிற்றின்மேல் கை வைத்து, 10 நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி நீடிக்கிறது என்று எண்ண வேண்டும். தாயின் நாடித்துடிப்பு, பனிக்குட நீரின் நிறம், சிறுநீர் கழித்தாரா, நீர் அருந்தினாரா என்பவற்றைப் பார்த்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். சரியாகச் செய்தால், ஒவ்வோர் அரை மணியிலும் ஏறத்தாழ 15 நிமிடம் ஒரு தாய்க்கே தேவை. இரு தாய்மார் இருந்தால் செவிலியரின் முழு நேரமும் தீர்ந்தது. நால்வர் இருந்தால், யாரோ இருவருக்கு இவற்றில் சில நடவாது. குழந்தை வெளிவரும் கட்டத்தில் துடிப்பை 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். அப்போது செவிலியர் அந்தக் கட்டிலைவிட்டு நகர இயலாது. மற்ற கட்டில்களில் உள்ளவர்களை அந்நேரம் யார் பார்ப்பது?

குழந்தை பிறந்ததும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாகிறது என்பதைக் குடும்பத்தினர் நினைத்துப் பார்ப்பதில்லை. சில நேரங்களில் நிர்வாகமும் நினைத்துப் பார்ப்பதில்லை. வெளியே இனிப்பு வழங்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை நாங்கள் மிகுந்த அச்சத்துடன் பார்க்கிறோம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்தபின் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்தக் குழாய்கள் மூடும். குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுவது இதற்காகவே. ஊசி போட்டும் சிலருக்குக் கருப்பை தளர்ந்துவிடும். உதிரம் எப்போதும் வெளியே பெருக்கெடுத்து ஓடுவதில்லை. உள்ளேயே தேங்கி நிற்கலாம், அல்லது விரித்த துணிக்கடியில் அமைதியாக நனைந்துகொண்டிருக்கலாம். தாய் சோர்ந்து கண்ணயர்வதாகத் தோன்றும். முதல் இரண்டு மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு செவிலியர் வந்து தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தால், பந்துபோல் கெட்டியாக இருக்க வேண்டிய இடம் மாவுபோல் நெகிழ்ந்திருப்பதை உடனே உணர்வார். தேய்த்து இறுக்குவார், உதவிக்கு அழைப்பார். அப்படி ஒருவர் உரிய நேரத்தில் கை வைத்ததால் பிழைத்த தாய்மாரைப் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். இத்தகைய நேரங்களில் எங்கள் அறுவை அரங்கும் இரத்த வங்கியும் இரண்டாம் இடத்தில்தான் நிற்கின்றன. முதலிடம் அந்தக் கைக்கு. பணியாளர் பற்றாக்குறை என்பதை நான் வேலைப்பளுவின் முறையீடாக மட்டும் பார்க்காததற்குக் காரணம் இதுவே.

“பிறப்பு விகிதம் குறைந்துவிட்டதே, இனி இத்தனை பேர் எதற்கு?” என்ற வாதம் இப்போது எழத் தொடங்கியுள்ளது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.4 என்று 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கு கூறுகிறது. கேட்பதற்கு நியாயமான வாதம்தான். இங்கிலாந்தின் அனுபவம் அதற்கு விடை சொல்கிறது. அங்கே 2012இல் ஏறத்தாழ 6.94 லட்சம் குழந்தைகள் பிறந்தன, 2022இல் 5.8 லட்சத்துக்கும் குறைவு. அதே காலத்தில் தேசிய நலவாழ்வுப் பணியில் மிட்வைஃப்களின் எண்ணிக்கை ஓரளவு உயரவும் செய்தது. ஆயினும் பற்றாக்குறைக் குரல் ஓயவில்லை. காரணம், தாய்மாரின் வயது கூடியது, நீரிழிவும் உடற்பருமனும் கூடின, சிசேரியன் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்கு மேல் சென்றது. புதியவர்கள் ஒருபுறம் சேர, அனுபவம் மிக்கவர்கள் மறுபுறம் களைத்து விலகினார்கள். ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு மருத்துவமனைகளின் மகப்பேற்றுப் பிரிவை ஆராய்ந்து டோனா ஒக்கெண்டன் 2022 மார்ச்சில் அளித்த இறுதி அறிக்கை, பாதுகாப்பான பணியாளர் எண்ணிக்கையையும் அதற்கான நிதியையும் தன் பரிந்துரைகளின் முன்வரிசையில் வைத்தது.

அங்குள்ள இரண்டு ஏற்பாடுகளை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கட்டில்களை எண்ணிப் பணியிடம் தருவதற்கு மாறாக, ஒவ்வொரு தாயையும் அவரவர் தேவைக்கேற்ப ஐந்து வகையாகப் பிரித்து, எந்த வகையினர் எத்தனை பேர் வந்தனர் என்பதைக் கொண்டு தேவையான பணியாளர் நேரத்தைக் கணக்கிடும் முறை அங்கே உண்டு. அடுத்து, பிரசவ வலி முறையாகத் தொடங்கிய தாய்க்கு ஒருவர் முழுநேரமும் உடனிருக்க இயலாமற்போனால், அதையே ஒரு ‘சிவப்புக் கொடி’ நிகழ்வாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2015இல் வகுத்த வழிகாட்டுதல். தீங்கு நேர்ந்த பிறகு விசாரிப்பதற்குப் பதில், ஆள் போதாத நேரத்தையே பதிவு செய்கிறார்கள். இதனால் மட்டும் அங்கே எல்லாம் சீராகிவிடவில்லை. ஆனால் குறை எங்கே, எந்த இரவில் என்று காட்டும் ஏடு ஒன்று இருக்கிறது.

நம் மாநிலத்துக்கு வருவோம். முதல் பிரசவங்களின் பங்கு, குடும்பம் சிறுக்கச் சிறுக்க இயல்பாகவே உயர்கிறது. முதல் பிரசவம் நீண்ட நேரம் பிடிப்பது, அச்சமும் கூடுதல். அதே தாயைக் கூடுதல் மணி நேரம் கவனிக்க வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் கர்ப்பிணிகளிடையே இன்று அன்றாடக் காட்சி. 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சிசேரியன் ஏறத்தாழ 45 விழுக்காடு. அரசு மருத்துவமனைகளில் 36, தனியார் மருத்துவமனைகளில் 64. இந்த உயர்வுக்குக் காரணங்கள் பல. குடும்பத்தின் அச்சமும், நல்ல நேரம் பார்ப்பதும், தனியார் துறையின் போக்கும் அவற்றில் அடங்கும். ஆனால் ஒரு காரணம் போதிய அளவு பேசப்படுவதில்லை. அருகே தொடர்ந்து ஒருவர் அமர்ந்து வலியைத் தாங்க உதவாதபோது, குழந்தையின் துடிப்பை நம்பிக்கையுடன் கண்காணிக்க இயலாதபோது, மருத்துவருக்கு அறுவையே பாதுகாப்பான வழியாகத் தோன்றும். பின்னர் அந்த அறுவைத் தாயைக் கவனிக்க மேலும் செவிலியர் தேவைப்படுகிறார். பற்றாக்குறை தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது.

இன்னொரு நகர்வும் நிகழ்ந்துள்ளது. வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த பிரசவங்கள் இப்போது அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் பெயர்கின்றன. சிக்கலுள்ளவர்கள் வருவது சரி. சிக்கலற்றவர்களும் பெரிய மருத்துவமனை என்ற நம்பிக்கையில் வருவதால், ஓரிடத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிரசவம் மட்டுமே பார்த்துக் கைப்பழக்கம் குன்றும் செவிலியரும், மற்றோரிடத்தில் ஒரே இரவில் பலரைப் பார்த்துக் களைக்கும் செவிலியரும் உருவாகிறார்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது புலப்படாது. 2012இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே செவிலியர் பலர் பணியமர்த்தப்பட்டனர்; அவர்களுள் பலர் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஓரிடத்தில் நிலைத்து அனுபவம் பெற வேண்டிய பிரசவ அறைக்கு அது உகந்ததன்று.

ஒன்றிய அரசு 2018இல் பேறுகாலப் பணிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. செவிலியர் பட்டமோ பட்டயமோ பெற்றவருக்கு மேலும் 18 மாதம் பயிற்சி அளித்து, சிக்கலற்ற பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் ‘செவிலியப் பேறுகால வல்லுநர்’களை உருவாக்குவது அதன் நோக்கம். நல்ல திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு கவலை உண்டு. பயிற்சி முடித்தவரைப் பொதுச் செவிலியர் சுழற்சியில் சேர்த்து, அடுத்த மாதமே வேறு பிரிவுக்கு அனுப்பினால் பழைய கதையே தொடரும். உலகெங்கும் 9 லட்சம் பேறுகாலப் பணியாளர் குறைவு என 2021இல் உலக அறிக்கை ஒன்று கணக்கிட்டது. நாம் பயிற்சி அளிப்பவரை மற்ற நாடுகளும் வரவேற்கக் காத்திருக்கும்.

இவையெல்லாம் அரசும் நிர்வாகமும் செய்ய வேண்டியவை. உங்கள் வீட்டுப் பெண்ணின் பிரசவம் அதுவரை காத்திராது. ஆகவே, இருக்கும் எண்ணிக்கையைக் கொண்டு நீங்கள் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுகிறேன்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினர் தாயுடன் இருக்க வழியுண்டு. இதைப் பலர் கேட்பதேயில்லை. தொடர்ந்து உடனிருக்கும் துணையால் என்ன பயன் என்று 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட தாய்மாரை உள்ளடக்கிப் பார்த்த தொகுப்பாய்வு 2017இல் வெளிவந்தது. இயல்பான பிரசவம் கூடுகிறது, வலி நேரம் சற்றுக் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. துணையாக வருபவர் அழுது பதறுபவராக இல்லாமல், தாமே பிள்ளை பெற்றவராக, நிதானமானவராக இருப்பது நல்லது. அவர் செவிலியருக்கு மாற்றல்லர். ஆனால் முதுகைத் தடவிவிடுவதும், நீர் கொடுப்பதும், நடக்க வைப்பதும், ஏதேனும் மாறுபட்டால் உடனே அழைப்பதும் அவரால் இயலும். பனிக்குட நீர் பச்சையாகவோ இரத்தமாகவோ வெளியேறுதல், தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலி நின்றும் தணியாத வயிற்று இறுக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய எதற்கும் தயங்காமல் குரல் கொடுக்க வேண்டும். பிறந்த பிறகு, துணி விரைவாக நனைந்தாலோ, தாய்க்கு வியர்த்துக் கை குளிர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். செவிலியர் வேறு கட்டிலில் இருந்தாலும் அழையுங்கள். அதற்காக எவரும் உங்கள்மீது சினம் கொள்ள மாட்டார்கள். கொண்டாலும் பொருட்படுத்த வேண்டாம்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சன்னல் வழியே நலம் கேட்கும் பத்து உறவினர், ஒரு செவிலியரின் இரவில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பத்தில் ஒருவரை மட்டும் பேசுவதற்கு ஏற்படுத்திக்கொண்டு, மற்றவர்கள் அவரிடம் கேட்டறியுங்கள். சேர்க்கையின்போதே “இந்த ஷிப்டில் இவரைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் யார்?” என்று கேட்டுப் பெயரை அறிந்துகொள்ளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு குறிப்பிட்ட இரவில் ஆள் போதவில்லை என்று கண்டால், அதைச் செவிலியர்மீதான புகாராக எழுதாமல், நாள், நேரம், எத்தனை தாய்மார், எத்தனை செவிலியர் என்ற விவரத்துடன் நிலைய மருத்துவ அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். கூடுதல் பணியிடம் கோரும் எங்கள் கடிதங்களோடு அத்தகைய தாள்கள் இணைக்கப்படும்போது அவற்றுக்குத் தனி எடை உண்டு.

ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் சற்றுக் கூடுதல் விழிப்புடன் இருங்கள். ஒருவர் எழுதி முடித்துக்கொண்டும் மற்றவர் படித்துக்கொண்டும் இருக்கும் அந்த இருபது நிமிடத்தில், புதிதாக வந்த செவிலியரிடம் தாயின் பெயரையும், வலி தொடங்கிய நேரத்தையும், இரத்த வகையையும், முன்பு ஏற்பட்ட சிக்கல் ஏதேனும் இருந்தால் அதையும், ஒவ்வாத மருந்தையும் நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.